சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல்

தங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயதில் இரண்டே விஷயங்களில்தான் கர்வம். ஒன்று, அவர் போர்மேனாக இருந்த பட்டாசு ஆலையில் இருபத்தாறு வருஷமாக ஒரு விரல்கூடச் சுட்டதில்லை. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் எப்படிப் பேசினால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் விஷயத்தில் மனுஷன் சட்டம். மருந்து கலக்கும் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம். ஐந்தாவது ஆள் தலையை மட்டும் நீட்டினாலும், "ஏலே, இங்கன என்ன பந்தியா நடக்கு?" என்று கத்துவார். உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கவென்று வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொடாமல் ஒருத்தர் உள்ளே போக முடியாது. பாலியஸ்டர் சேலை கட்டிவந்த பிள்ளைகளை வாசலோடு வீட்டுக்கு அனுப்பியதால், அந்த வீடுகளிலெல்லாம் அவருக்கு நல்ல பெயர் கிடையாது.

இரண்டாவது விஷயத்தில் அவர் வேறு ஆள். காய்ச்சலென்று போனால் எத்தனை நாளாக என்று கேட்பார்கள். இன்றைக்குத்தான் என்று உண்மையைச் சொன்னால் நாலு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து, குறையவில்லையென்றால் வாருங்கள் என்பார்கள். "மூணு நாளா, டாக்டர்" என்றால்தான் ஸ்டெதஸ்கோப் கழுத்திலிருந்து காதுக்கு ஏறும். கோவில்பட்டியில் இதை யாரும் பொய் என்று எண்ணுவதில்லை. சொல்கிறவர் இரண்டு நாளைச் சேர்ப்பார், கேட்கிற டாக்டர் மனசுக்குள் இரண்டு நாளைக் கழிப்பார். காய்கறிக் கடைக் கறிவேப்பிலை மாதிரி, பேசாமலே நடக்கிற ஏற்பாடு.

இந்த ஏற்பாடு தெரியாத ஒரு இடத்தில் போய் அவர் மாட்டிக்கொண்டதுதான் கதை.

அவர் மனைவி ராதாமணி மகளின் பேறுகாலத்துக்காகக் காங்கோ போயிருந்தாள். மருமகன் அங்கே ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் மேனேஜர். பதினெட்டு கிலோ கருப்பட்டி, சுக்கு, பூண்டோடு போனவள், மூன்று மாதம் கழித்து, பேரனின் முந்நூறு போட்டோக்களோடு திரும்பி வந்தாள். வந்த ஆறாம் நாள், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மிக்ஸியை ஓடவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி?"

"ஒடம்பு ஒரு மாதிரி கணகணங்குது. மிக்ஸிய அமத்துங்க."

தங்கசாமி மிக்ஸியை அமத்தினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கஞ்சி வைத்தார். அவர் வைத்த கஞ்சிக்கு நல்ல உடம்புக்காரருக்கே வாந்தி வரும், அவளுக்கு வந்தது. தன் துண்டாலேயே தரையைத் துடைத்தார். முப்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் வீட்டுத் தரையைத் துடைத்தது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு மகள் ஜெயப்பிரியா போன் பண்ணினாள். குரல் சரியில்லை.

"யப்பா, அம்மா நல்லாருக்காளா? அம்மா கெளம்புததுக்கு முந்துன வாரம் ஆஸ்பத்திரில என் பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா கெடந்தாவல்லா, துணைக்கு ஆளில்லாம? அவிய எறந்துட்டாவ. எபோலான்னு சொல்லுதாவ. எங்களையெல்லாம் சோதிச்சுட்டாவ, ஒண்ணுமில்ல. ஆனா அந்த அக்காவ அம்மாதானப்பா தாங்கிப் பிடிச்சா."

பிடிக்கத்தான் பிடித்திருப்பாள். ராதாமணிக்கு அந்தப் பெண்ணின் பாஷை தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வாந்தி எடுக்கிறவளின் தலையைப் பிடிக்க பாஷை எதற்கு? நம்மூர் ஆஸ்பத்திரிகளில் துணைக்கு இருக்கிறவர் தன் நோயாளியை மட்டும் பார்ப்பதென்பது கிடையாது. பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துத்தான் ராத்திரி விழிப்பார். அந்த வழக்கத்தை ராதாமணி கருப்பட்டியோடு கட்டி எடுத்துப் போயிருந்தாள்.

ராதாமணி வந்து இறங்கியபோது, காய்ச்சல் வந்தால் கூப்பிடச் சொல்லி விமான நிலையத்தில் கொடுத்த அட்டையிலிருந்த நம்பருக்குத் தங்கசாமி கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் தலை முதல் கால் வரை வெள்ளையாக மூடிய இரண்டு பேர் ஆம்புலன்ஸோடு வந்து நின்றார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துகொண்டது.

நாற்கரச் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே, யாரோ லாரியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு மறந்துபோன மாதிரி நிற்கிற பெரிய ஆஸ்பத்திரி அது. கொரோனாவுக்குப் பிறகு அதன் பின்பக்கத்தில் தனிமைப் பிரிவு ஒன்று கட்டியிருந்தார்கள். நாலு அறை. கதவைத் திறந்தால் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. ரத்தம் பார்க்கிற மெஷின் உள்ளேயே இருக்கிறது. கழிவைக் கொதிக்கவைத்துக் கொல்கிற அடுப்பும் உள்ளேயே. இரண்டு வருஷமாக அங்கே சிகிச்சை பெற்றுவந்த ஒரே நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. நர்ஸ்கள் மாதாமாதம் அதற்கு டிரிப் ஏற்றிப் பழகியிருந்தார்கள். அது ஒவ்வொரு மாதமும் பிழைத்தது.

பிரிவின் டாக்டர் ஆசிபா, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷம்சுல் ஆலம் பாயின் மகள். வெளிநாட்டில் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊர்க்காரிதான். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் அவர் பார்த்த நோயாளிகள், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால் அத்தனை நாளை மட்டும் சொல்கிற ஜாதி.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது, அண்ணாச்சி? யோசிச்சுச் சொல்லுங்க."

"சனிக்கிழமைல இருந்தே, டாக்டர்."

யோசிக்கவெல்லாம் இல்லை. தும்மல் மாதிரி வந்து விழுந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் என்று சொல்லி, அந்தம்மாள் நாலு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டால்?

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ராதாமணி கழுத்தைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நர்ஸ் பிரேமலதா தனியாகக் கேட்டபோது, "அவிய சொன்னதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வாள்.

வாந்தியைத் துண்டால் துடைத்த குற்றத்துக்காகத் தங்கசாமியையும் பிடித்து எதிர் அறையில் போட்டார்கள். இருபத்தொரு நாள். காலையும் மாலையும் சூடு பார்க்க வேண்டும். அவருக்குக் கல்யாண மண்டபத்தில் ஏசி ரூம் கிடைத்த சந்தோஷம். இரண்டு அறைக்கும் நடுவே நடை மட்டும்தான். இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் கண்ணாடி, பேசுவதற்கு ஒரு இன்டர்காம்.

"டாக்டர், நான் இங்கன சும்மாதான இருக்கேன். உள்ள போயி அவளுக்குத் துணைக்கு இருக்கேனே?"

"இங்க துணைக்கு ஆள் கிடையாது, அண்ணாச்சி. நாங்கதான் துணை."

"பாட்டில் தீந்துட்டா யாரு சத்தம் போடுவா?"

"தீரவே தீராது."

அவர் நம்பவில்லை. அவர் அறிந்த வைத்தியத்தில் டிரிப் பாட்டில் தீர்ந்துவிடும், துணைக்கு இருப்பவர் நடையில் ஓடி, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்த வேண்டும், சிஸ்டர் வராமல், அடுத்த கட்டிலின் மாமா வந்து குழாயை மடக்கிப் பிடிக்க வேண்டும். இங்கே எந்நேரமும் இரண்டு நர்ஸ்கள் அவளோடு அறைக்குள் நின்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனாலும் எழுதினார்கள், வெளியே வந்தாலும் அளந்து எழுதினார்கள். உள்ளேயே ரத்தம் பார்த்து, பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று அரை மணியில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு ஆள் அந்த வெள்ளை உடைக்குள் இருக்கக் கூடாது. மணி அடித்த மாதிரி ஆள் மாறினார்கள். தங்கசாமிக்குச் சத்தம் போட ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் உடை கழற்றும் அறை அவர் கண்ணாடிக்குக் கோணலாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து வருகிற நர்ஸ் நடுவில் நிற்பாள். கண்ணாடிக்கு வெளியே இன்னொருத்தி கையில் தாளோடு ஒவ்வொன்றாக வாசிப்பாள். "கையக் கழுவு. மேல் கையுறையக் கழட்டு. மெதுவா. மறுபடியும் கழுவு. முகத்தைத் தொடாத." வாசிக்காததை உள்ளே இருப்பவள் செய்யக் கூடாது. மூக்கு அரித்தாலும் அரிக்கட்டும். இருபது நிமிஷம் ஆகும். உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்து நிற்கிற பிள்ளை, அத்தனை களைப்பிலும் ஒரு படியைத் தாண்டுவதில்லை.

"இதுதாம்லே வேலை" என்று தங்கசாமி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆலையில் இருபத்தாறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் அவர் பார்த்திராத ஒழுங்கு.

செவ்வாய்க்கிழமை, எப்போதும்வென்றான் ஊர்க்காரியான பிரேமலதா உடை கழற்ற வந்து நின்றபோது, இவர் இன்டர்காமைத் தட்டினார்.

"ஏம்மா, நில்லு! முழங்கைக்குப் பின்னால ஒரு சொட்டு தெறிச்சிருக்கு. ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது."

தாள் வாசிக்கிற பிள்ளை எட்டிப் பார்த்தாள். இருந்தது. மருந்து வைத்துத் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வாசித்தாள். வெளியே வந்து குளித்து மாற்றிய பிரேமலதா கண்ணாடிக்கு வந்து கும்பிட்டாள்.

"பெரியப்பா, நல்ல கண்ணு ஒங்களுக்கு. என்ன வேலை பாத்தீய?"

"பட்டாசு ஆலை போர்மேன்மா. எங்க தொழில்லயும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் ஆளத் தூக்கும். அது வெரல்ல ஒட்டிருக்கான்னு கேட்டா எல்லாப் பயலும் இல்லம்பான். அவன் சொல்லக் கேக்கக் கூடாது. கையப் பாக்கணும்."

அன்று முழுக்க அவருக்குத் தலை கால் புரியவில்லை. அன்று மத்தியானம்தான் ராதாமணியின் ரத்தத்தை எடுத்து, மூன்று பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பூட்டி, விமானத்தில் புனேவுக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் ஆசிபா கண்ணாடிக்கு வந்தபோதே முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டு. நெகட்டிவ். எபோலா இல்ல."

தங்கசாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிடுகிறோம் என்று பார்க்கவில்லை. அங்கே இருந்தது ஏசி மெஷின். எதிர்க் கண்ணாடிக்குள் பிரேமலதா சொல்லியிருப்பாள் போல, ராதாமணி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தாள். சோர்ந்த முகத்தில் அந்தச் சிரிப்பு புதுசாக இருந்தது.

இன்டர்காமில் அவள் குரல் வந்தது. "நாளைக்குச் சாதா வார்டுக்கு மாத்துதாவளாம். டைபாய்டா இருக்கும்னு சொல்லுதாவ. அங்கன நீங்க வந்து பக்கத்துல இருக்கலாமாம். வாரப்ப என் நைட்டி ரெண்டும், மூக்குக் கண்ணாடியும் எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டு வாரேன்ட்டி, எல்லாம் எடுத்துட்டு வாரேன்."

டாக்டர் ஆசிபா இன்டர்காமில், உள்ளே நின்ற பிரேமலதாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லவேளை, அறிகுறி தொடங்கி மூணு நாள் தாண்டுன பிறகு எடுத்த ரத்தம். அதனால இந்த நெகட்டிவ நம்பலாம். மூணு நாளுக்குள்ள எடுத்திருந்தா கிருமி இருந்தாலும் காட்டாது. மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். நாளையில இருந்து நீங்க யாரும் இந்த உடையப் போட வேண்டாம்."

தங்கசாமியின் கை இன்டர்காமிலேயே இருந்தது.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவர் சொன்ன சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் செவ்வாய் மத்தியானத்துக்கு மூன்று நாள் தாண்டிவிட்டது. நிஜத் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து செவ்வாய் மத்தியானம் ஒரே நாள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு மனசு கேட்டது. நெகட்டிவ் என்று புனேயே சொல்லிவிட்டது. புனேயைவிட நீ பெரிய ஆளா? டைபாய்டாகத்தான் இருக்கும். நாளைக்கு அவள் பக்கத்தில் உட்காரலாம், காலைப் பிடித்துவிடலாம், ஒரு வாய் ரசம் சோறு ஊட்டலாம். சொன்னால்? அவள் இன்னும் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே. அவருக்கோ ஆயுசுக்கும் பொய்யன் பட்டம். அதுவும் கையைப் பார்க்க வேண்டும் என்று நேற்றுத்தான் பெரிய உபதேசம் பண்ணியிருந்தார். அவர் கையை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சனிக்கிழமை என்று அதில் அப்பிக்கிடந்திருக்கும்.

உடை கழற்றும் அறையில் பிரேமலதா கடைசித் தடவையாக நின்றுகொண்டிருந்தாள். தாள் வாசிக்கிறவள் ஏதோ கேலி பேச, இரண்டு பேரும் சிரித்தார்கள். நாளைக்கு இந்தப் பிள்ளை சாதாச் சேலையில், சாதாக் கையோடு ராதாமணியின் வாந்தியைப் பிடிக்கும். பிறகு எப்போதும்வென்றானுக்கு பஸ் ஏறிப்போய், தன் பிள்ளையைத் தூக்கும்.

தங்கசாமி கண்ணாடியைத் தட்டினார். இன்டர்காம் கையில் இருப்பது மறந்துபோய், கையால் தட்டினார்.

"டாக்டர்! டாக்டரம்மா! ஒரு தப்பு நடந்துபோச்சு."

ஆசிபா திரும்பி வந்தார். "என்ன அண்ணாச்சி, மயக்கமா?"

"காய்ச்சல் சனிக்கிழமை இல்ல. திங்கக்கிழமை. மத்தியானம். மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு."

டாக்டர் சிரிப்பு மாறாமலே நின்றார். சிரிப்புக்கு இன்னும் தகவல் போகவில்லை.

"சனிக்கிழமைன்னு சொன்னீங்களே."

"கூட ரெண்டு நாளு சேத்துட்டேன். நீங்க நல்லாக் கவனிக்கணும்னு. ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவோம். ஒங்க வாப்பாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க."

ஆசிபா நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். அவருடைய வாப்பாவும் போன வருஷம் முதுகுவலிக்கு ஆறு மாசம் என்று சொல்லி ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்தான். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

பிறகு நிமிர்ந்தார். கோபம் வந்திருந்தால் தங்கசாமிக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். வரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க இப்ப சொல்லலன்னா, நாளைக்கு என் பிள்ளைங்க பன்னெண்டு பேரும் வெறுங்கையோட உள்ள போயிருப்பாங்க." அவ்வளவுதான் சொன்னார். நடையில் வேகமாகப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "யாரும் உடைய மாத்தாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி ரத்தம். எபோலாவுக்குன்னு வெளிநாட்டுல ஒரு மருந்து இருக்கு, அதுக்கு இப்பவே எழுதணும், லேப்டாப்பக் கொண்டாங்க."

இனி ராதாமணியிடம் சொல்ல வேண்டும். அது தங்கசாமியின் வேலை.

"ஏட்டி."

"நைட்டி எடுக்க ஆளு போயாச்சா?"

"நாளைக்கு மாத்த மாட்டாவட்டி. இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணுமாம். நான் உண்மையச் சொல்லிட்டேன்."

கண்ணாடிக்குள் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் கத்தினால் அவருக்குப் பயமில்லை. சுவரைப் பார்த்தால்தான் பயம்.

பத்து நிமிஷம் கழித்துச் சுவரிடமிருந்தே பதில் வந்தது.

"சனிக்கிழமை நான் ரெண்டு படி மாவுக்கு முறுக்கு பிழிஞ்சேன்."

"ஆமட்டி."

"காய்ச்சக்காரி முறுக்கு பிழிவாளாய்யா?"

"மாட்டா."

"டாக்டரு கேட்டப்ப, முறுக்கு ஞாபகம் வரல ஒங்களுக்கு. திங்கும்போது மட்டும் வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நானும் ஆமான்னுட்டேனே. எம்மேலயும் தப்புத்தான். அந்த நர்சுப் பிள்ளைகதான் பாவம்."

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தபோது ஆசிபா சிரிக்கவில்லை. பாசிட்டிவ்.

அதற்குள் அது தெரிந்தும் போயிருந்தது. ராதாமணிக்கு வியாழக்கிழமையே வயிறு கழியத் தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு லிட்டர், எட்டு லிட்டர் போனது. போனதை அளந்து அளந்து அதே அளவை நரம்பு வழியே திருப்பிக் கொடுத்தார்கள். டிரிப் ஒரு தடவைகூட வெறும் பாட்டிலாக நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் வெளிநாட்டிலிருந்து குளிர்ப்பெட்டியில் அந்த மருந்து வந்தது. ஒரே ஒரு தடவை ஏற்றுகிற மருந்து. நர்ஸ்கள் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போனார்கள்.

"புதன்கிழமை நீங்க சொன்ன அன்னைக்கே எழுதினதால இன்னைக்கு வந்துட்டு. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தா திங்கள்தான்" என்றார் ஆசிபா. "இந்த நோய்ல ரெண்டு நாள் பெருசு, அண்ணாச்சி."

ரெண்டு நாள் பெரிதுதான் என்று அவருக்கும் இப்போது தெரியும்.

அடுத்த செவ்வாயும் புதனும் அவள் யாரையும் அடையாளம் காணவில்லை. சிறுநீரகம் மக்கர் பண்ணியது; அதற்கொரு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கசாமி கண்ணாடியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே போயிற்று. பிரேமலதா உள்ளே நின்றபடி, இரட்டைக் கையுறை போட்ட கையால் ராதாமணியின் தலைமுடியை மெல்லச் சிக்கெடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். எந்தத் தாளிலும் எழுதாத வேலை. அத்தனை தடிமன் ரப்பருக்குள்ளிருந்து பின்னியதால் பின்னல் கயிறு மாதிரி கோணலாக வந்தது. தங்கசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துப் பார்த்துக் கண்ணாடி மங்கலாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்தார். அது கண்ணாடியில் இல்லை.

"பெரியப்பா" என்று அவள் இன்டர்காமில் கூப்பிட்டாள். "அழாதிய. இவிய காது கேக்கும். எதாவது பேசுங்க."

என்ன பேச? அவருக்குத் தெரிந்ததைப் பேசினார். பேரனின் முந்நூறு போட்டோவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இது குளிக்கப்போற போட்டோ. இது குளிச்சு முடிச்ச போட்டோ. ரெண்டுலயும் அழுதுட்டுத்தான் இருக்கான். மூக்கு நம்ம மருமவன் மூக்குதான், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது." பக்கத்து வீட்டில் புதுசாக மாவு மெஷின் போட்டதைச் சொன்னார். வீட்டில் துடைத்த தரையைப் பற்றியும் சொன்னார். மூலை முடுக்கெல்லாம் துடைத்ததாகக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை இன்டர்காமில் ஒரு கரகரத்த குரல் வந்தது. "கஞ்சித்தண்ணி வேணும். அவிய வச்சது வேண்டாம்."

தங்கசாமி எழுந்து நின்று அழுதார். நடையில் நின்ற வெள்ளை உடைக்காரர்கள் நாலு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வேலை திரும்பி வந்தது. உட்கார்ந்தாள். காலை ஊன்றினாள். நர்ஸ்களைத் திட்டினாள். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு நெகட்டிவ் வந்தது. உள்ளே வந்த பதினெட்டாம் நாள், மருந்துத் தண்ணீரில் குளித்து, ஆஸ்பத்திரி கொடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு ராதாமணி நடைக்கு வந்தாள். பாதியாக இருந்தாள். நர்ஸ்கள் முகமூடியில்லாத முகங்களோடு வரிசையாக நின்றார்கள். அவளுக்கு ஒருத்தியையும் தெரியவில்லை. "யாரு பிரேமலதா? நீயா? நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா?" என்று கன்னத்தைப் பிடித்தாள்.

தங்கசாமிக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தார்.

"ஏட்டி, நீ வீட்டுக்குப் போ. ஒந்தங்கச்சி வந்து நிக்கா. நான் திங்கக்கிழமை வாரேன்."

ராதாமணி அவரைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"ஏம்மா, எனக்கு வந்து போயிட்டுல்லா. இனி அவியளுக்கு இருந்தாலும் என்னப் பிடிக்காதுல்லா?"

"பிடிக்காது" என்றார் ஆசிபா. சொன்ன பிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது. "ஆனா யாரும் உள்ள போகக் கூடாதுங்கறது விதி, ராதாம்மா."

"விதி யாருக்கு? வந்தா பிடிக்கிறவியளுக்குத்தான. எம்புட்டு உடை போட்டு எம்புட்டுப் பேரு எனக்கு நின்னீய. ஒரு உடையும் வேண்டாத ஆளு இப்ப நான் ஒருத்திதான் இங்கன இருக்கேன். நான் நிக்கிறேன்."

ஆசிபா பிரேமலதாவைப் பார்த்தார். பிரேமலதா தாள் வாசிக்கிற பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நோய் வந்து பிழைத்தவர், நோய் வராத புருஷனுக்குத் துணைக்குப் போவதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டாக்டர் ஓரமாகப் போய் யாரிடமோ போனில் பேசினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். திரும்பி வந்து, "வெளிய வந்தா மறுபடி உள்ள விட மாட்டோம், மூணு நாளும் உள்ளதான்" என்றார்.

கண்ணாடிக்குள் தங்கசாமிக்குப் பதற்றமாகிவிட்டது.

"ஏட்டி, வராத! ஒரு ரூமுக்கு ஒரு ஆளுதான்னு போட்டிருக்கு. டாக்டர், அவ பேச்சக் கேக்காதீய, விதின்னா விதிதான்!"

யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. முதல் கதவு திறந்து மூடியது. பிறகு இரண்டாவது கதவு திறந்தது. காற்று அவளோடு சேர்ந்து உள்ளே வந்தது. ராதாமணி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, தளர்ந்த காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து நடந்து வந்து கட்டிலருகே நின்றாள். தங்கசாமி விதியை இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தார்.

"தள்ளி உக்காருங்க" என்றாள் ராதாமணி.